லட்சுமிக்குத் திமிர் இல்லை!

(அறிவியல் கட்டுரை)



இந்த மாதம் நான் எங்கள் வீட்டு மாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க! முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

எங்கள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு ஜெர்சி கலப்பு மாடு வாங்கினார்கள். அதன் பெயர் லட்சுமி. கன்று போட்டு இரண்டு மாதம் ஆனதும் அது பால் கறக்கும்போது உதைக்க ஆரம்பித்தது. ஒருநாள் உதைத்த உதையில் குண்டான் உருண்டு இரண்டு லிட்டர் பால் மண்ணில் போய்விட்டது. இன்னொரு நாள் அப்பாவின் முழங்காலில் பட்டு வீங்கிவிட்டது.

ஆயா, "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்றார்கள். பக்கத்து வீட்டு மாமா, "பின்னங்கால் ரெண்டையும் கட்டிட்டுக் கற" என்றார். அப்பா, "இதுக்குத் திமிரு. வித்துட வேண்டியதுதான்" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். விற்றால் வாங்கிய விலைக்குப் போகாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும். அம்மா ராத்திரி சாப்பிடவே இல்லை.

மறுநாள் இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "எப்பப்ப உதைக்குதுன்னு எழுதி வச்சிருக்கியா?" நான் இல்லை என்றேன். "அப்ப அதுக்குத் திமிர்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார்கள்.

மூன்று கட்டம்

டீச்சர் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்கள்.

1. முன்னால் என்ன நடந்தது?
2. விலங்கு என்ன செய்தது?
3. அதற்குப் பின்னால் உடனே என்ன நடந்தது?

"திமிர்", "கோபம்", "பிடிவாதம்" என்று எதுவும் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இதற்குப் பெயர்தான் நடத்தை ஆய்வு.

இது புதுசு இல்லை. 1898-இல் அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற அறிஞர் பசியோடு இருந்த பூனையைக் கூண்டில் விட்டு, வெளியே மீனை வைத்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், சுற்றும். தற்செயலாக ஒரு கயிற்றை இழுத்தோ கட்டையை மிதித்தோ கதவு திறந்துவிடும். திரும்பத் திரும்ப உள்ளே விட்டபோது வீண் வேலைகள் குறைந்து, கதவைத் திறக்கும் வேலையை மட்டும் சீக்கிரம் செய்தது. அவருக்குப் பிறகு ஸ்கின்னர் என்பவர் எலியைப் பெட்டியில் விட்டு இதே வழியில் ஆராய்ந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும். அதனால் எலி மறுபடி மறுபடி அழுத்தியது.

இவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது கிடைத்தாலோ, தொல்லை விலகினாலோ, அந்தச் செயல் திரும்ப வரும்.

என் நோட்டில் வந்த கணக்கு

ஒரு வாரம் காலையும் மாலையும் தொழுவத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கொசுக்கடி தாங்கவில்லை! மொத்தம் 14 வேளை.

காலை 7 வேளையில் உதைத்தது: 6
மாலை 7 வேளையில் உதைத்தது: 1

ஒரே மாடு, ஒரே தொழுவம். திமிர் என்றால் சாயந்திரம் மட்டும் எங்கே போச்சு?

காலையில் கறப்பது அப்பா. பால் சொசைட்டிக்கு நேரமாகிவிடும் என்று அவசரமாக உட்காருவார். கன்றை ஊட்ட விடமாட்டார். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறப்பார். மாலையில் கறப்பது அம்மா. முதலில் கன்றைக் கொஞ்ச நேரம் ஊட்ட விடுவார்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, காம்பை முழு உள்ளங்கையால் பிடித்துக் கறப்பார்கள்.

சரி, மாலையில் ஒருநாள் ஏன் உதைத்தது? நோட்டைப் பார்த்தேன். அன்று அம்மா கையில் அரிவாள்மனை பட்டிருந்ததால் அப்பாதான் கறந்தார். காலையில் ஒருநாள் ஏன் உதைக்கவில்லை? அன்று விடியற்காலையில் கன்று கயிற்றை உருவிக்கொண்டு போய் முதலிலேயே ஊட்டிவிட்டது! பால் குறைந்ததற்கு கன்றுக்குத் திட்டு விழுந்தது. எனக்கோ விடை கிடைத்தது.

மூன்றாவது கட்டம்தான் பெரிய ஆச்சரியம். லட்சுமி உதைத்ததும் அப்பா குச்சியால் ஒரு அடி வைப்பார். பிறகு வெறுத்துப் போய், "போய்த் தொலை" என்று கன்றை அவிழ்த்துவிடுவார். மாட்டுப் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். உதைத்தால் வலிக்கிற கறவை நின்றுவிடுகிறது. ஆசையான கன்றும் வந்துவிடுகிறது. ஒரு அடி வாங்கினால் என்ன? நாங்களே எங்களுக்குத் தெரியாமல் அதற்கு உதைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்!

அடித்தால் பால் ஏன் வராது?

கன்று முட்டி ஊட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும், மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது மடியில் உள்ள பாலை இறக்கிவிடுகிறது. இதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு இழுத்தால் காம்புதான் வலிக்கும். மாடு பயந்தால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து பால் இறங்குவதைத் தடுக்கிறது. ஆகவே குச்சியைக் காட்டிக் கறப்பது நமக்கே நஷ்டம்.

முதலில் வலியைப் பார்

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். "பழக்கத்தை மாத்துறதுக்கு முன்னாடி வலி இருக்கான்னு பாக்கணும்." வயிற்றுவலி என்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர் என்று பெரியபுராணம் சொல்கிற ஊர் இது. அவர் தன் வலியை அக்கா திலகவதியாரிடம் சொல்ல முடிந்தது. வாயில்லாத மாடு யாரிடம் சொல்லும்? காலால்தான் சொல்லும்.

அரசு கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போனோம். மடிநோய் இல்லை, ஆனால் பின்பக்கக் காம்பு ஒன்றில் வெடிப்பு இருக்கிறது என்று களிம்பு கொடுத்தார். கட்டைவிரலை மடக்கிக் கறக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் லட்சுமியின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

நாங்கள் செய்தவை

1. வெடிப்பு ஆறும்வரை களிம்பு.
2. கறப்பதற்கு முன் கன்றை ஊட்ட விட்டு, மடியைக் கழுவித் துடைத்தல்.
3. முழுக் கையால் கறத்தல். குச்சி தொழுவத்துக்கு உள்ளேயே வரக் கூடாது.
4. புண் ஆறிய பிறகு, உதைத்தால் உடனே கன்றை அவிழ்க்காமல், அமைதியாக நின்ற பிறகே அவிழ்த்தல்.

நாலாவதை ஆரம்பித்த இரண்டாம் நாள் லட்சுமி முன்னைவிட அதிகமாக உதைத்தது. "பாத்தியா பாப்பா, உன் படிப்பு!" என்றார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரிடம் ஓடினேன். "வழக்கமா கிடைச்சது திடீர்னு கிடைக்கலைன்னா, முதல்ல இன்னும் பலமா கேட்டுப் பாக்கும். பொறு" என்றார்கள். மிட்டாய் வாங்கித் தரவில்லை என்றால் தம்பி முதலில் அழுவான், அப்புறம் தரையில் புரளுவான் அல்லவா, அதுபோல.

அந்த வாரம் காலையில் 7-க்கு 3. அடுத்த வாரம் 7-க்கு 1. அந்த ஒன்றும் கோயிலில் வேட்டுப் போட்ட காலை. தரகர் வந்தபோது அப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

டீச்சர் என் நோட்டில் ஒரு குறையும் எழுதினார்கள். நாங்கள் பல மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்ததால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உண்மைதான். ஆனால் அப்பாவின் முழங்காலுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை!

மாட்டுக்கு மட்டுமா?

அரிக்கொம்பன் யானை ஞாபகம் இருக்கிறதா? கேரளாவில் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய யானை. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. 29.4.2023 அன்று அதைப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 27.5.2023 அன்று நம் தமிழ்நாட்டுக் கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. 5.6.2023 அன்று நம் வனத்துறையினர் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறை காட்டில் விட்டார்கள். யானையை ஒருமுறை இடம் மாற்றியதால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை.

வால்பாறையில் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடும். ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் யானைகள் எங்கே, எப்போது வருகின்றன என்று பல வருடங்கள் குறித்து வைத்தார்கள். பகலில் ஆற்றோரக் காட்டுத் துண்டுகளில் தங்கும், இருட்டில் தேயிலை வழியே நடக்கும். மனிதர்கள் இறந்த சம்பவங்களையும் ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் பக்கத்தில் யானை இருப்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களே இறந்திருந்தார்கள். அதாவது முதல் கட்டத்தில் இருந்தது யானையின் வெறி இல்லை, மனிதனுக்குத் தகவல் தெரியாததுதான்!

ஆகவே யானையைத் துரத்துவதற்குப் பதிலாக மனிதனுக்குத் தகவல் கொடுத்தார்கள். 2011-இல் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடவிட்டார்கள். செல்போனாலேயே எரிய வைக்கும் சிவப்பு விளக்குகளை முக்கியமான இடங்களில் வைத்தார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

முடிவாக

திமிர் என்பது காரணம் இல்லை, நாம் வைக்கிற பெயர். பெயர் வைத்ததும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நம் வகுப்பிலும் "அவ மக்கு", "அவனுக்குக் கொழுப்பு" என்று சொல்கிறோமே, ஒரு வாரம் மூன்று கட்டம் போட்டுப் பார்த்தால் என்ன?

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு நாய், பூனை, ஆடு, கோழி ஏதாவது ஒன்று தொல்லை தருகிறதா? ஏழு நாள் எழுதுங்கள். கிட்டே போய்த் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று பாருங்கள். எழுதிக் கொண்டு வந்தால் அடுத்த இதழில் போடலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
திருவதிகை.