ஒரு தந்தையின் விண்ணப்பம்

கல்லூரியில் பயிலும் பிள்ளைக்கு இடர் நேர்ந்தால், பெற்றோர் யாரிடம், எவ்வாறு முறையிட வேண்டும்? கேரளத்தில் வாழ்ந்த ஒரு தந்தையின் வரலாற்றைக் காண்போம்.

டி. வி. ஈச்சர வாரியர் கோழிக்கோட்டில் இந்திப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய மகன் இராஜன் அங்குள்ள மண்டலப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றார். அது நெருக்கடிநிலைக் காலம். 1976 மார்ச் 1ஆம் நாள் காவலர்கள் இராஜனைப் பிடித்துச் சென்றனர். கல்லூரி முதல்வர் அச்செய்தியைத் தந்தைக்குக் கடிதத்தின் வாயிலாகத் தெரிவித்தார்.

வாரியர் முதலில் கல்லூரிக்குச் சென்று, நிகழ்ந்ததைக் கேட்டறிந்தார். பின்னர்க் கக்கயம் காவல் முகாமுக்குச் சென்றார். மகனைக் காண இசைவு கிடைக்கவில்லை. மாநில உள்துறைச் செயலாளர் முதல் குடியரசுத் தலைவர் வரை விண்ணப்பங்கள் எழுதினார். அவற்றில் அவர் கேட்டது ஒன்றே: தம் மகன் எங்கே?

அந்நாளில் ஆட்கொணர்வு மனுவுக்கு நீதிமன்றக் கதவு அடைபட்டிருந்தது. 1977 மார்ச் 21இல் நெருக்கடிநிலை நீங்கியது. நான்கு நாள்களில் வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் மனு அளித்தார். இராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. கல்லூரி முதல்வர் நீதிமன்றத்தில் சான்றளித்தார். இராஜன் காவலில் இருந்தது உண்மையே என ஏப்ரல் 13இல் நீதிமன்றம் முடிவு கண்டு, அவரை முன்னிறுத்த ஆணையிட்டது. அதன் பின்னரே அவர் காவலில் இறந்ததை அரசு ஒப்புக்கொண்டது. அம்மாதமே முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார்.

மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஆயினும், ஒரு தந்தையின் வினாவுக்கு அரசு மறுமொழி கூற நேர்ந்தது. நாளும் இடமும் குறித்த கடிதம், நேரில் கண்டவரின் சான்று, தளராத பொறுமை ஆகியவையே அவருக்குத் துணைநின்றன.

காரோடு போன்ற எல்லை ஊர்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர், மலையாளம் எழுதத் தெரியாது எனத் தயங்குவர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969), தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் வகைசெய்கிறது. முறையீட்டுக்கு மொழி தடையன்று.

அருஞ்சொற்பொருள்
இடர் – துன்பம்
இசைவு – அனுமதி
ஆட்கொணர்வு மனு – காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரும் விண்ணப்பம்

பயிற்சி
1. வாரியர் முதலில் எங்குச் சென்றார்? ஏன்?
2. கல்லூரி முதல்வரின் கடிதமும் சான்றும் எவ்வாறு உதவின?
3. விடுதியில் குடிநீர் தூய்மையாக இல்லை. நாள், இடம், நிகழ்வு, வேண்டுகோள் ஆகியவை அமையுமாறு, பெற்றோர் கல்லூரி முதல்வருக்கு எழுதும் விண்ணப்பம் ஒன்றை வரைக.