எண்ணெய் தூக்கும், லாக்தான் தாங்கும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறி இறங்கும் பொலிரோவும், ஆலங்காயம் வழியாகக் காவலூர்ப் பக்கம் ஏறும் டாடா ஏஸும் சமவெளி வண்டிகளைவிடச் சீக்கிரம் பட்டறைக்கு வந்துவிடும். மலைப்பாதையில் பிரேக் லைனிங் தேய்கிறது, கிளட்ச் கருகுகிறது, பட்டையும் புஷ்ஷும் ஆட்டம் காண்கின்றன. எல்லாமே வண்டிக்கு அடியில் நின்று பார்க்க வேண்டிய வேலை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி அடிவார ஊர்ப் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் வாரத்திலேயே லிஃப்டுக்குக் கீழே நிற்கிறார். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். தலைக்கு மேல் ஒன்றரை டன்னைத் தூக்கி நிற்கும் அந்த எந்திரத்தைச் சோதிக்க யாரும் கற்றுத் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இளைஞருக்காக.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இரட்டைத் தூண் லிஃப்டில் மோட்டார் எண்ணெயைத் தள்ள, சிலிண்டர் வண்டியைத் தூக்குகிறது. எண்ணெயின் வேலை தூக்குவதோடு முடிந்தது. வண்டியைத் தாங்க வேண்டியது தூணுக்குள் இருக்கும் லாக். தேவையான உயரம் வந்ததும் வால்வைத் திறந்து சற்றே இறக்கினால் இரண்டு பக்கமும் லாக்கில் உட்காரும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. காரணம் சின்னது: லாக்கில் உட்கார்ந்த வண்டியை இறக்க, மறுபடி கொஞ்சம் தூக்கி, லாக்கை விடுவித்து, பிறகு இறக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த, தேய்ந்த ஒரு சீலையும் பழைய ஒரு ஹோஸையும் நம்பி ஆள் அடியில் போகிறார். லாக்கில் உட்காராத வண்டிக்கு அடியில் போகாதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் போகாதீர்கள்.

காலையில் முதல் வண்டி ஏறும் முன் லிஃப்டை வெறுமனே மேலே ஏற்றிப் பாருங்கள். ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். இரண்டு தூணிலும் லாக் விழும் ‘டக், டக்’ சத்தம் ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தினால் இரு பக்கத்தையும் சமமாக நடத்தும் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் சத்தமே வராவிட்டால் அன்று அந்த லிஃப்டில் வேலை இல்லை.

கேபிளை வெறுங்கையால் தடவாதீர்கள். காட்டன் வேஸ்டைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். கப்பியின் மேல் வளைந்து ஓடும் பகுதிதான் முதலில் அறுகிறது. அது தூணுக்குள் மறைந்திருக்கும். டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மாற்றும்போது இரண்டு கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள். செயின் உள்ள லிஃப்ட் என்றால் டேப் வைத்து அளந்து பாருங்கள். புதிதில் 100 செ.மீ. இருந்த பகுதி 103 செ.மீ. ஆகிவிட்டால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது. சில தயாரிப்பாளர்கள் அதற்கு முன்பே மாற்றச் சொல்கிறார்கள். கையேட்டில் எழுதியிருக்கும் அளவே கணக்கு.

அடுத்து தரை. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். பழைய லிஃப்டை விலைக்கு வாங்கி, கடைக்காகப் போட்ட சாதாரணத் தரையில் துளையிட்டு முடுக்கிவிடுகிறார்கள். 10 செ.மீ.க்குக் குறையாத நல்ல கான்கிரீட்டைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். பெரிய லிஃப்டுக்கு இன்னும் கூடுதலாக. டைல்ஸும் சிமென்ட் பூச்சும் கான்கிரீட் அல்ல. தூணின் அடித்தட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடுகிறதா, போல்ட்டைச் சுற்றித் தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். டார்க் ரெஞ்ச் போட்டு முடுக்கும்போது போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளை போய்விட்டது. மேலும் முடுக்கிப் பயனில்லை. லிஃப்டை நிறுத்தித் தரையைச் சரிசெய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸும் அதே இடத்தில் நடக்கும் பட்டறைகளில் தூணின் அடி துருப்பிடிக்கும். பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும்.

பிறகு லிஃப்டின் கைகள். நான்கு கையிலும் ரப்பர் பேடு இருக்க வேண்டும். எண்ணெய் ஊறி வழுக்கினால் மாற்றுங்கள். வண்டி சற்று உயர்ந்ததும் கைகளின் பல்சக்கரப் பூட்டு தானாக விழ வேண்டும். கையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் பூட்டு பிடிக்கவில்லை.

மலை வண்டிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. சேஸில் செம்மண் அப்பியிருக்கும்; பேடு உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைக்காவிட்டால் மண்ணோடு சேர்ந்து வழுக்கும். புளியோ சாமையோ ஏற்றிய பிக்கப்பை அப்படியே தூக்கச் சொல்வார்கள், இறக்கி ஏற்றக் கூலி ஆகுமே என்று. எடை பின்பக்கம் சாய்ந்த வண்டி லிஃப்டில் பின்னோக்கிக் கவிழும். சரக்கை இறக்கச் சொல்லுங்கள். இருட்டும் முன் மலை ஏற வேண்டும் என்று வண்டிக்காரர் அவசரப்படுவது நியாயம்தான். அதற்காக நீங்கள் அடியில் மாட்டிக்கொள்ள முடியாது. சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். அசையாமல் நின்றால் மேலே ஏற்றலாம். கியர்பாக்ஸையோ இன்ஜினையோ கழற்றும்போது எடை இடம் மாறும். அதற்கு முன் முட்டுக்கொடுங்கள். தூக்கும்போது நடுவில் மின்சாரம் போனால் அடியில் போகாமல், வால்வை மெல்லத் திறந்து அடுத்த லாக்கில் உட்கார வையுங்கள். வண்டி சரியத் தொடங்கினால் பிடிக்கப் போகாதீர்கள், ஓடுங்கள். ஓடுவதற்கு வழியில் டயரும் டூல் பெட்டியும் கிடக்கக் கூடாது.

எண்ணெய் கசிவைச் சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். வண்டியோடு தூக்கி, லாக்குக்குச் சற்று மேலே நிறுத்தி, தூணில் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் சீலோ வால்வோ போயிருக்கிறது.

இதையெல்லாம் அரசு பார்க்காதா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, எடை தூக்கும் எந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் அது அந்தச் சட்டத்தின்படி தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. மூன்று பேர் வேலை பார்க்கும் பட்டறை இந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகள் சிறு பட்டறையையும் விடுவதில்லை. அங்கே ஆள் எண்ணிக்கை கணக்கில்லை. நம் சட்டமும் அப்படி இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட் வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் ஆளை வருடம் ஒருமுறை அழையுங்கள். அவர் பார்த்த தேதியைத் தூணில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தேதியை. அது ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால், லிஃப்டைச் சோதிக்கும் வரை சர்வீஸ் குழியிலேயே வேலையைக் கொடுங்கள்.