வெட்டும் முன் எழுதி வை

தம்பி,

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் குடும்பத்துப் பலாத் தோப்பைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் உன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாட்டன் காலத்து மரங்களை மர வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ரக ஒட்டுக்கன்றுகளை வரிசையாக நடலாமா என்று யோசிக்கிறாய். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும், பழம் ஒன்றுபோல இருக்கும், சந்தைக்கும் அதுதான் பிடிக்கும். உன் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அதில் ஒரு நஷ்டம் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது.

அதைச் சொல்லுமுன் ஒரு திராட்சைக் கதை. பழைய செடிக்கு உலகில் மதிப்புத் தேடித் தந்தவர்கள் திராட்சைக்காரர்கள். தென்னாப்பிரிக்காவில் செனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையின் முதிய கொடிகள், விளைச்சல் குறைந்துவிட்டது என்பதற்காகவே பிடுங்கப்பட்டு வந்தன. ரோசா க்ரூகர் என்ற பெண்மணி 2002 முதல் அந்தத் தோட்டங்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார். 2016-ல் அந்தக் கொடிகளுக்கென்றே ஓர் அமைப்பு உருவானது. 35 வயது நிரம்பிய தோட்டத்தின் ஒயின் என்றால், கொடி நட்ட ஆண்டு பொறித்த முத்திரையோடு இன்று புட்டி வெளியே வருகிறது. சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பும் 2024-ல் அதே 35 ஆண்டுகளையே வரையறையாக வைத்தது. அந்த வயது ஆவணத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கொடிகளுக்கு வயது முன்பும் இருந்தது. மதிப்பு வந்தது எழுத்து வந்த பிறகுதான்.

வயதானால் சுவை கூடிவிடுமா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. மட்டமான கொடியை எந்தக் குடும்பமும் 60 ஆண்டு வைத்துக்கொண்டிருக்காது. நல்லதாக இருந்ததால்தான் அது பிழைத்தது என்பதும் காரணமாக இருக்கலாம். வயதே சுவை என்று நான் வாதிடவில்லை. உன் தோப்புக்குப் பொருந்துவது, நல்லதாக இருந்ததால் பிழைத்தது என்ற அந்தக் காரணம்தான். அறுபது கோடைகளாக ஒரு மரத்தைக் கோடாலி தொடவில்லை என்றால், அதன் பழத்தை விரும்பியவர்கள் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் திராட்சைக்கும் பலாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. திராட்சை குச்சியில் வளர்வது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையில் ஒரு பந்தல் அழிந்தாலும் பக்கத்துப் பந்தலில் அதே கொடி இருக்கிறது. நாட்டுப் பலா கொட்டையில் முளைத்தது. அயல் மகரந்தத்தில் சூல் கொள்வது. அதனால் ஒரே பழத்தின் பத்துக் கொட்டைகளை நட்டால் பத்து விதமான மரம் வரும்: ஒன்றின் சுளை கெட்டி, இன்னொன்று குழைவு, ஒன்றில் சடை அதிகம், ஒன்று ஆடியிலும் காய்க்கும். பழைய கொடி போனால் அதன் வயது போகிறது. பழைய பலா போனால் அந்த ரகமே போய்விடுகிறது. நீ எழுதாமல் விட்ட நஷ்டம் இதுதான்.

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஒரு குடும்பத்துத் தோட்டத்தில் செம்புச் சிவப்பில் சுளை தரும் ஒற்றைப் பலாமரம் நின்றது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் அந்தக் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டு, 'சித்து' என்று பெயரிட்டு ஒட்டுக்கன்று பெருக்கியது. வருவாயில் முக்கால் பங்கு அந்த விவசாயிக்கு. அந்த மரத்தையும் யாராவது பலகைக்கு விற்றிருக்கலாம்.

எல்லா மரத்தையும் வைத்துக்கொள்ள இடமும் வசதியும் ஏது என்பாய். வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சப்பென்ற பழம் தருவதை வெட்டு. வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நல்ல மரத்தையும் விற்க நேரலாம். அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் அதில் குச்சி எடுத்து நாலு கன்றாவது ஒட்டுக் கட்டிவிடு. கை பழக வேண்டுமென்றால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் உன் மாவட்டத்திலேயே இருக்கிறது. விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள 2001-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. காத்திருக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது ஒரே இரவில் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. நிவாரணக் கணக்கில் மரத்துக்கு எண்ணிக்கை உண்டு, சுளைக்கு இடம் கிடையாது.

ஆகவே ஒரு நோட்டு வாங்கு. மரத்துக்கு ஒரு பக்கம். யார் நட்டது, ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த மாதம் பழுக்கிறது, சுளையின் நிறம், கெட்டியா குழைவா, கஜாவில் கிளை முறிந்ததா. நட்ட ஆண்டு தெரிந்தவர்கள் உன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வரும் சித்திரையில் முதல் பழம் அறுக்கும்போது அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கு, தம்பி.