இளவேனிற் பறவைகளும் ஒளிப்படத்தின் உண்மையும்

திணைக்குரிய கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் புள்ளையும் ஒன்றாக வைத்தார். நிலத்தை அறிய விரும்புவோர் அந்நிலத்துப் பறவையையும் அறிதல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும். ஆயினும் மருத நிலமாகிய காவிரிப் படுகையிற் பிறந்த நம் மாணவருள், தம் வீட்டுக் கொல்லையில் வந்தமரும் பறவைகளுள் பத்தின் பெயரைக் கூறவல்லார் மிகச் சிலரே. கைப்பேசி இல்லாத மாணவரோ இன்று இலர். அக்கருவியைக் கொண்டே பறவையை நாடச் செய்யலாம் என்னும் கருத்தினால், பறவையைப் படமெடுக்கும் முறையையும், எடுத்த படத்தைத் திருத்துவதற்குரிய எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்த்துறை மலரில் ஒளிப்படக் கலைக்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். கும்பகோணத்தை அடுத்த சத்திமுத்தத்துப் புலவர் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறினார். பனங்கிழங்கைப் பிளந்து பார்த்தவர்க்கே அதன் நயம் விளங்கும். நீண்டு, கூர்ந்து, நடுவே கோடு ஓடி, இரு பாதியாக நிற்கும் தோற்றம் அது. புலவர் பறவையை அழகுபடுத்தவில்லை, உற்று நோக்கினார். ஒளிப்படக் கலைஞனிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்நோக்கே ஆகும்.

தஞ்சைக்கு இவ்வகையில் ஒரு மரபும் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் ஓவியர்களைக் கொண்டு பறவை, விலங்குகளை வரைவித்தார். அவர் பெஞ்சமின் டோரின் என்னும் ஆங்கில அதிகாரிக்கு அளித்த ஓவியத் தொகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. புகழ்பெற்ற கானுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் 1932இல் தஞ்சையிற் பிறந்தவரே. பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்தார். தமிழ் மாணவர் மறக்கலாகாத மற்றொருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் அவர். வண்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கென ஒரு காமிராவையே அமைத்துக்கொண்டார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாக வந்துள்ளன. படமெடுக்கத் தொடங்குமுன் மாணவர் அந்நூலைப் படித்தல் நலம்.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். மாசி, பங்குனியில் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் நிற்கும். சித்திரையில் அவையும் நீங்கும். மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் ஜூன் 12 ஆதலின், இளவேனிலில் ஆறும் வாய்க்காலும் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். நீர் நாடும் பறவைக்குக் கிணற்றடியும் கொல்லையுமே புகலிடம். நிழலில் வாயகன்ற மண்சட்டி ஒன்றில் இரண்டு விரல் ஆழத்திற்கு நீர் வைத்தால் போதும். மைனாவும் கொண்டைக்குருவியும் சில நாட்களில் வந்துசேரும். வேலியோரத்துக் கல்யாண முருங்கை இலையுதிர்ந்து செந்நிறப் பூக்களோடு நிற்கும் மாசி, பங்குனியில் தேன்சிட்டும் கரிச்சானும் அதனை விட்டு நீங்கா. குளிர்காலத்தை நம் பகுதியிற் கழித்த ஆறுமணிக்குருவியோ இக்காலத்தில் வடக்கு நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும்.

காலை ஆறரை முதல் எட்டரை மணி வரையிலான ஒளியே ஏற்றது. கதிரவன் நமக்குப் பின்புறம் இருத்தல் வேண்டும். பறவையின் கண் தெளிவாக அமையாத படம் பிற சிறப்புகள் இருந்தும் பயன்படாது. தேன்சிட்டு ஓரிடத்தில் நில்லாது. ஆகவே திரை திறந்து மூடும் நேரம் 1/1000 நொடியாகவேனும் இருத்தல் நன்று. வெண்கொக்கை எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். குறைக்காவிடில் இறகின் வரிகள் மறைந்து வெறும் வெண்மையே எஞ்சும். கரிச்சானுக்குச் சற்றுக் கூட்ட வேண்டும். விலையுயர்ந்த ஆடி இல்லையே என வருந்துவோர் உளர். நாள்தோறும் அரை மணி நேரம் ஒரே சட்டியருகே அசையாது அமர்ந்திருப்பவர்க்குப் பறவை தானே அணுகிவரும். ஆடியின் குறையை இப்பொறுமை பெரிதும் ஈடுசெய்யும்.

ஒன்றை மட்டும் வன்மையாக மறுக்கின்றோம். அது கூட்டைப் படமெடுத்தல். இளவேனில் பல தோட்டப் பறவைகளுக்கு இனப்பெருக்கக் காலம். தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடமைக்கும்; தேன்சிட்டு பை போன்ற கூட்டைக் கொல்லைக் கொடியிலும் தொங்கவிடும். படம் தெளிவாக வர வேண்டுமென மறைக்கும் இலையை ஒருவர் விலக்கினால், சித்திரை வெயில் குஞ்சின் மேல் நேரே விழும். மனிதர் நின்ற இடத்தைக் காகம் உற்றறிந்து பின்னர் வரும். தாய்ப்பறவை கூட்டையே கைவிடுதலும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைத்தலையும் 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளில் அடக்கியுள்ளது. துப்பாக்கி ஏந்தாதவனும் வேட்டைக்காரன் ஆகலாம் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

படத்தைத் திருத்துதல் குற்றமா? அன்று. பிலிம் காலத்திலும் இருட்டறையில் தாளின் ஒரு பகுதியைக் கையால் மறைத்து ஒளியைக் குறைத்தும், மறுபகுதியில் கூட்டியும் படத்தைச் செம்மை செய்தனர். இன்று கணினியில் ஓரங்களை வெட்டுதல், ஒளியைச் சீராக்குதல், காலைப்பொழுதின் மஞ்சள் சாயலைச் சரிசெய்தல், புள்ளிபுள்ளியான இரைச்சலைத் தணித்தல் ஆகியன அதன் தொடர்ச்சியே. கண் கண்டதைக் கருவி குறைவாகப் பதிந்தபோது அக்குறையை நிரப்புகின்றோம், அவ்வளவே. குறுக்கே நின்ற கிளையை அழித்தல், மின்கம்பியில் அமர்ந்த பறவையைப் பூங்கொம்புக்கு மாற்றுதல், செயற்கை நுண்ணறிவால் இல்லாத இறகை வரைந்து சேர்த்தல் ஆகியன வேறு வகை. அவை ஓவியமாகலாம்; சான்றாகா.

வண்ணத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவராக இருந்தபோது வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அஃது என்ன பறவை என அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அவருடைய வாழ்நாட் பணிக்கு அதுவே தொடக்கமாயிற்று. சிறு திட்டு ஒன்றே இனத்தைப் பிரித்துக்காட்டுகின்றது. நம் தோட்டத்திலும் அவ்வாறே. ஊதாத் தேன்சிட்டின் ஆணும் லோட்டன் தேன்சிட்டின் ஆணும் தொலைவில் ஒன்றுபோலவே தோன்றும். பின்னதன் அலகு நீண்டு வளைந்தது, வயிறு பழுப்பு. அழகு கருதி நிழலைக் கருமையாக்கியும் நீலத்தை மிகுத்தும் திருத்தினால் அப்பழுப்பு மறைந்து, ஓரினம் மற்றோரினமாகிவிடும். அப்படத்தை நம்பிக் கணக்கெடுப்போர் பட்டியலும் பிழைபடும்.

படத்தில் ஒன்றையும் மாற்றாமலே பொய்யுரைத்தலும் கூடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றது வேலியைத் தாண்டும் ஓநாயின் படம். அவ்வோநாய் பழக்கப்பட்ட விலங்காகவே இருத்தல் கூடும் என நடுவர் முடிவு செய்தமையால் 2010இல் அப்படம் தகுதி நீக்கப்பட்டது.

ஆதலின் இவ்வாண்டு மாணவர் காட்சிக்குத் தரும் ஒவ்வொரு படத்தின் பின்னும் நாள், நேரம், ஊர், பறவை அமர்ந்த மரம், செய்த திருத்தம் ஆகிய ஐந்தனையும் எழுதித் தருக. பறவையின் பெயரைத் தம் ஊர் முதியோரிடம் கேட்டு அவ்வூர் வழக்கிலேயே முதலில் எழுதுக. நூற்பெயரை அதன் கீழே குறிக்கலாம். திருத்தாத மூலப் படத்தையும் உடன்வைத்தல் வேண்டும்.