திறந்த சுவடி

ஏட்டுச்சுவடிகளே நூல்களாக விளங்கிய காலத்தில், அவற்றை உடையோர் இருவகையினராய் இருந்தனர். சிலர் தம் சுவடிகளைப் பிறர் படி எடுத்துக்கொள்ள மனமுவந்து அளித்தனர். சிலர் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். படி எடுக்கப்பட்ட நூல்கள் ஓர் ஊரில் அழிந்தாலும் மற்றோர் ஊரில் வாழ்ந்தன. பூட்டிய பெட்டியிற் கிடந்தவற்றுள் பல செல்லுக்கு இரையாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று சுவடிகளைத் தேடினார். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை நீக்கி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். பல படிகள் இருந்தமையாலன்றோ அப்பணி கைகூடிற்று? அறிவைப் பூட்டி வைப்பதா, திறந்து வைப்பதா என்னும் அவ்வினா இக்காலத்தில் கணிப்பொறி உலகிலும் எழுந்துள்ளது.

கணிப்பொறி தானாக எதனையும் செய்வதில்லை. அது செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். வல்லுநர் அக்கட்டளைகளை மனிதர் படித்தறியத்தக்க மொழியில் எழுதுகின்றனர். அதற்கு மூல நிரல் என்று பெயர். பின்னர் அது பொறிக்கு விளங்கும் எண்வடிவாக மாற்றப்படுகிறது. எண்வடிவை மட்டும் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம். அது இயங்கும் முறையை எளிதில் அறிய இயலாது. பிழை கண்டால் திருத்தவும் இயலாது. மூல நிரலைப் பெற்று, அதனை மாற்றும் உரிமையும் உடையவர்க்கோ இவையெல்லாம் இயலும். இவ்வாறு படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறந்த மூல மென்பொருள் என்றும் கூறுவர்.

இவ்வுரிமைக்காக முதன்முதல் இயக்கம் கண்டவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் ஆவார். அவர் பணியாற்றிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அச்சுப்பொறி ஒன்றில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதன் நிரலில் சில மாற்றங்களைச் செய்து அத்தொல்லையைக் குறைக்க அவர் விரும்பினார். ஆயினும் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அண்டை வீட்டார்க்கு உதவுவதையே குற்றமாக்கும் நிலை இது என்று அவர் கருதினார். 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமத்தை வெளியிட்டார். பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் படி எடுத்தலைத் தடுப்பதற்குப் பயன்படுவது. அதே சட்டத்தைக் கொண்டு, படி எடுக்கும் உரிமை எவராலும் பறிக்கப்படாதவாறு காத்தமையே இவ்வுரிமத்தின் புதுமை. நிரலைப் பெற்றுத் திருத்தி வெளியிடுவோர், தாம் பெற்ற உரிமையைத் தம்மிடம் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அதன் விதி. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டிலேயே இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

நல்லெண்ணத்தால் அளிக்கப்பட்ட கொடைக்கு வழக்குகளும் வந்து சேர்ந்தன. 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எஸ்.சி.ஓ. என்னும் அமெரிக்க நிறுவனம், ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸ் என்னும் பழைய இயக்க அமைப்பு தனக்கு உரியது என்றும், அதன் நிரற் பகுதிகள் லினக்ஸில் சேர்க்கப்பட்டன என்றும் அது கூறி, 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. லினக்ஸைப் பயன்படுத்திய வணிக நிறுவனங்களுக்கும் அது எச்சரிக்கை மடல்கள் விடுத்தது. உலகமே தயக்கத்துடன் நோக்கியது. அப்போது நாவெல் என்னும் நிறுவனம், யூனிக்ஸின் பதிப்புரிமையைத் தான் ஒருபோதும் விற்கவில்லை என்று முன்வந்தது. 2010இல் ஜூரிகள் நாவெலின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஐ.பி.எம்.முடன் நடந்த வழக்கோ 2021ஆம் ஆண்டில் 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள் நீண்ட அவ்வழக்கினால் லினக்ஸின் வளர்ச்சி நின்றுவிடவில்லை.

கட்டற்றது என்பதற்கு உரிமையாளர் அற்றது என்று பொருள் கொள்ளலாகாது. இராபர்ட் ஜேக்கப்சன் என்னும் இயற்பியல் பேராசிரியர், விளையாட்டு இரயில்களை இயக்கும் நிரலைப் பிறருடன் கூடி எழுதித் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். நிறுவனம் ஒன்று அதன் பகுதிகளை எடுத்து, ஆக்கியோர் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்கிப் பயன்படுத்தியது. பொருள் விளையாட்டுப் பொருளே, வழக்கோ பெரிது. விலையின்றி வழங்கினும் உரிமத்தின் நிபந்தனைகளை மீறுதல் பதிப்புரிமையை மீறுதலாகும் என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கொடுப்பவர் பொருளைக் கேளாமல் இருக்கலாம். நன்றியையும் நேர்மையையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே கொள்கிறது. ஆகவே உழைத்து எழுதியவர், தம் நிரலைப் பூட்டி வைத்து ஊதியம் பெறுவதும் முறையே. திறந்து வைப்பதும் முறையே. எனினும் பள்ளியைப் பொறுத்தவரை, திறந்த நிரலுக்குத் தனிச்சிறப்பு உண்டு.

கேரள அரசு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியையும் செய்முறைத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளில் சூசே லினக்ஸைப் புகுத்தியது. அந்நாளில் சூசே, நாவெல் நிறுவனத்துக்கு உரியதாய் இருந்தது. எங்கோ நடந்த வழக்கிற்கும் நம் பள்ளிக்கும் தொடர்பு இருந்தது இதனாற் புலனாகும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டம், பதினொன்றாம் வகுப்பில் உபுண்டுவையும் ஓப்பன் ஆஃபீஸையும் சேர்த்தது.

இதனால் மாணவர் பெறும் பயன் யாது? உரிமக் கட்டணம் மிஞ்சுதல் ஒரு பயன். அதனினும் பெரியது, பொறியின் உள்ளே நிகழ்வதைத் தாமே கண்டறியும் வாய்ப்பு. தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள ஆர்வலர் பலர், எவரிடமும் இசைவு வேண்டி நிற்காமல், இத்தகைய மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழாக்கியுள்ளனர். பூட்டிய நிரலாயின், தமிழ் வேண்டுமா வேண்டாவா என்பதை எங்கோ உள்ள வணிகரே முடிவு செய்வார்.

சென்னையில், அடையாற்றின் வடபால் ராஜா அண்ணாமலைபுரத்தில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளது. ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால், பாஸ் லினக்ஸை உருவாக்கிய சி-டாக் நிறுவனம் தரமணியில் உள்ளது. ஓரிடம் சட்டம் பயில்வதற்கு; மற்றோரிடம் நிரல் ஆக்குவதற்கு. நிரல் எழுதுவோர் தம் உரிமையை அறிதலும், சட்டம் கற்போர் நிரலின் இயல்பை அறிதலும் இன்று இன்றியமையாதன. இவ்விரண்டையும் கற்றுத் தேர்வோர் பெருகுவராயின், முன்னோர் விட்டுச்சென்ற சுவடிகள்போல், இக்காலத்து அறிவும் படி எடுக்கப்பட்டுப் பல்லாண்டு வாழும்.