வீட்டிலே கற்பிப்போருக்கு: கணித நூல் தெரிந்தெடுக்கும் வகை

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது 50 மாநிலங்களிலும் சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்டுள்ள அமெரிக்காவில், ஆரம்பக் கணிதத்துக்கான பாட வரிசைகள் ஏராளமாக விற்பனைக்கு வருவதால், பெற்றோர் முதலில் ஆராய வேண்டியது அட்டையின் அழகையோ அயலாரின் புகழுரையையோ அன்று, நூல் பாடத்தை நடத்திச் செல்லும் கிரமத்தையே.

1980களில் சிங்கப்பூரில் உருவான 'பிரைமரி மேத்தமேட்டிக்ஸ்' வரிசை, பொருள்களைக் கையால் எண்ணி, பின் படமாகக் கண்டு, இறுதியிலேயே இலக்கமாக எழுதும் முறையை அனுசரிப்பது. 8-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொன்னால், ஐந்திலிருந்து இரண்டைப் பிரித்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மிச்சமுள்ள மூன்றையும் கூட்டிப் பதின்மூன்று என்று காணும் யுக்தி நாளடைவில் குழந்தைக்கு மனக்கணக்காகவே படிந்துவிடுகிறது. கற்பிக்கிறவருக்கே இவ்வழி புதிதானால் ஆசிரியர் கையேட்டையும் வாங்குவது அவசியம். சிக்கனம் கருதி அதை விட்டுவிடுகிறவர்கள்தாம் பெரும்பாலும் பிறகு நூலைக் குறை கூறுகிறார்கள்.

'ஸாக்ஸன்' வரிசையோ, புதியதைச் சிறிது சிறிதாகப் புகட்டிப் பழையதை இடைவிடாது கலந்து அப்பியாசம் தருவது; மறதியுள்ள பிள்ளைக்கு உபகாரம், சட்டென்று கிரகிக்கும் பிள்ளைக்குச் சலிப்பு.

எதுவாயினும், வயதைக் கொண்டு வகுப்பை நிர்ணயிக்காமல், பதிப்பாளர் இலவசமாகத் தரும் நிலையறி தேர்வை எழுதச் செய்து, விடை சரியா என்பதோடு, பிள்ளை விரல்விட்டு எண்ணுகிறதா, எந்த இடத்தில் தயங்குகிறது என்பதையும் அருகிருந்து கவனித்த பின்னரே நூலை வாங்குக. பாடங்களின் வரிசை நூலுக்கு நூல் வேறுபடுவதால், இடையில் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாறும்போதும் அத்தேர்வை மறுபடி வைக்க வேண்டும்.