ஏரி இருந்த இடம்

பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பஸ்கள் வரிசையாக நிற்கும் அந்த இடம் முன்பு ஓர் ஏரி. பெயர் தர்மாம்புதி. கண்டீரவா விளையாட்டு அரங்கம் உள்ள இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது.

பெங்களூரு மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம். பெரிய ஆறு எதுவும் இல்லை. அதனால் முன்னோர்கள் மழைநீரை ஏரிகளில் தேக்கினார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால், தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குப் போகும். இந்தக் கால்வாயை இங்கே ராஜகாலுவே என்பார்கள்.

எங்கள் மையத்தில் மாலையில் பெரியவர்கள் படிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் சிலர் வருவார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான்.

"அக்கா, நகரத் திட்டம் என்றால் என்ன?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு பழைய தாம்பாளங்களைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டிலும் மண்ணைப் பரப்பினோம். குழி தோண்டினோம். அது ஏரி. கோடு கீறினோம். அது கால்வாய். ஒரு தாம்பாளத்தில் மட்டும் குழியையும் கோட்டையும் மூடி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்தோம். அதுதான் சிமெண்ட் ரோடு. தாளின் மேல் தீப்பெட்டிகளை வைத்தோம். அவை வீடுகள்.

இரண்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம். முதல் தாம்பாளத்தில் தண்ணீர் குழியில் நின்றது. இரண்டாவதில் தீப்பெட்டிகள் மிதந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள்.

எழுதப் படிக்க வந்த ஒரு பாட்டி சிரிக்கவில்லை.

"எங்க வீடும் இப்படித்தான்" என்றார். "நான் கல்யாணமாகி வந்தப்போ இந்தத் தெரு ஓரமா வாய்க்கால் ஓடிச்சு. அங்கதான் துணி துவைப்போம். இப்போ மழை பெஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள வருது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வைக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை பாட்டி முன்னே நடந்தார். பிள்ளைகள் நோட்டோடு பின்னே போனார்கள். வாய்க்கால் எங்கே அகலம், எங்கே குறுகியது, எங்கே கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறது என்று படம் வரைந்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் எங்கள் தெரு இல்லை. பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. படத்தில் 'வாய்க்கால்' என்ற சொல்லைப் பாட்டியே எழுதினார். 'ய்' மேல் புள்ளி வைக்க மறக்கவில்லை!

ஏழைகள் தெருவில் மட்டும் வெள்ளம் வரும் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் பெரிய பங்களாக்களிலும் தண்ணீர் புகுந்தது. கம்பெனி வேலைக்காரர்கள் டிராக்டரில் ஏறிப் போனார்கள்.

அழுக்குத் தண்ணீரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பெல்லந்தூர் ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றில் சேர்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது இதனால்தான்.

இடிபாட்டை அள்ளச் சொல்லி மனு எழுதினோம். பிள்ளைகள் வரைந்த படத்தையும் சேர்த்தோம். பாட்டி கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். இன்னும் அள்ளவில்லை. பிள்ளைகள் வாராவாரம் போய்ப் பார்த்து, தேதியோடு நோட்டில் குறிக்கிறார்கள்.

பேசுவோம், எழுதுவோம்:

உங்கள் தெருவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? முன்பு எங்கே போய்ச் சேர்ந்தது? வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரையட்டும். இடங்களின் பெயரை நீங்கள் எழுதுங்கள்.